ஆம் என்று எழுதிய நாத்தனார்

என் நாத்தனார் தராசு பழுது பார்ப்பவள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. சாப்பாட்டு மேசையின் மேல் யாருடைய கடைத் தராசையோ கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆவலாகக் குனிந்தேன். "அண்ணி, இந்தப் பக்கம் மூச்சு விடாதீங்க, நம்பர் ஆடுது" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைத்தெருவின் பின்வரிசையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை அவளுடைய பட்டறை. தட்டுத் தராசு, தொங்கு தராசு, மூட்டை நிறுக்கிற பெரிய தராசு என்று எது படுத்தாலும் அங்கேதான் வந்து சேரும். சரி செய்து முடித்ததும் தன்னிடம் இருக்கும் சோதனைக் கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பாள். "ஒரு கிராம்தானே, போகட்டும் விடும்மா" என்று கடைக்காரர் யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. "உங்களுக்கு ஒரு கிராம். உங்ககிட்ட வாங்கறவங்க எத்தனை பேருன்னு எண்ணியிருக்கீங்களா?" என்று ஆரம்பித்து, அவர் கும்பிடு போட்ட பிறகுதான் நிறுத்துவாள். அதனால் கடைத்தெருவில் அவளுக்கு 'கிராமக்கா' என்றே பெயர்.

அவள் கணவர் ரொட்டி சுடுபவர். என் கணவர் அவரை மாப்பிள்ளை என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் மாப்பிள்ளைதான். கூலிக்குச் சுட்டது போதும், சொந்தமாகக் கடை போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு என்று வங்கியில் சொன்னதால் உரிமம், அடுப்புக்கான கடன் எல்லாம் என் நாத்தனார் பெயரில் போயின. மொத்த மாவு வியாபாரி ஒருவர் மாவைக் கடனுக்குப் போட்டார். அதற்கும் இவள்தான் கையெழுத்து. இரண்டு வருடம் கடை நன்றாகவே நடந்தது.

ஒரு நாள் மதியம் சுவரில் இருந்த மின்கம்பி புகைந்து தீப்பிடித்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் இடது உள்ளங்கை வெந்துபோனது. அடுப்பு, அலமாரி, முன்பக்கக் கண்ணாடி எல்லாம் கருகிவிட்டன. காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, கம்பி பழசு என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வங்கித் தவணை நின்றது. மாவுக் கடனும் நின்றது. கைக்கு வைத்தியம், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை என்று அவளுடைய பட்டறை வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமாகவே சரியாக இருந்தது. மாப்பிள்ளை பள்ளி வேன் ஓட்டப் போனார். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். தொலைபேசி அடித்தால் வீடே ஊமையாகிவிடும். பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி மூன்று வருடம் போன பிறகு ஒரு நாள் எடை அளவுத் துறையில் நான்கு ஆய்வாளர் இடங்கள் காலி என்று விளம்பரம் வந்தது. கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு அப்போது முப்பத்தெட்டு. பட்டறையில் ஆள் வராத நேரங்களில் படித்து, தேர்வு எழுதி, மூன்றாவதாகத் தேறிவிட்டாள். என் கணவர் அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். தங்கையின் விஷயத்தில் அவருக்குப் பெருமை வந்தால் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

பத்து நாளில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒன்பது பக்கப் படிவம். மக்கள் நம்பி ஒப்படைக்கிற பதவி என்பதால் முன்விசாரணை உண்டாம். எங்கே குடியிருந்தீர்கள், யாரோடு தொழில் செய்தீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பதினேழாவதாக இப்படிக் கேட்டிருந்தார்கள்: உங்கள் பெயரில் கெடு தாண்டி மூன்று மாதத்துக்கு மேல் செலுத்தப்படாத கடன் உண்டா? ஆம் அல்லது இல்லை. ஆம் எனில் முழு விவரம் தருக.

எங்கள் வீட்டு மேசையில்தான் அதை நிரப்ப உட்கார்ந்தாள். பதினேழாவது கேள்வியில் பேனா நின்றது.

"இல்லைன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயேன்" என்றார் என் கணவர். "கடன் இல்லாதவன் உலகத்துல யாரு? எனக்கு இல்லையா?"

"உங்களுது கெடு தாண்டலையே அண்ணா."

"தாண்டினா என்ன? இவங்க வீடு வீடா வந்து விசாரிக்கவா போறாங்க?"

"ஒன்பது பக்கம் அச்சடிச்சிருக்காங்க. விசாரிக்காம இருக்கறதுக்கா அச்சடிச்சாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்திலிருந்தே அடைக்க ஆரம்பிச்சிடலாம். இப்ப இதை எழுதி, வர்ற வேலையை ஏன் கெடுத்துக்கணும்?" என்றேன்.

மாப்பிள்ளை வாசற்படி ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கையை நீட்டினார். "பேனாவைக் குடு. கடன் வந்தது என்னால. நானே எழுதறேன்."

"உங்க கையெழுத்தை உங்களாலயே படிக்க முடியாது. தள்ளிப் போங்க" என்றாள் அவள்.

சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் 'ஆம்' என்று எழுதிவிட்டாள். அதன்கீழே வங்கிக் கடன், மாவுக் கடன், எவ்வளவு பாக்கி, கடைசியாக எப்போது கட்டினாள் என்று வரிசையாக எழுதினாள். இடம் போதாமல் தனித்தாள் வைத்துத் தைத்தாள். "இல்லைன்னு எழுதியிருந்தா வேலைக்குப் போன பிறகு தபால்காரர் வந்தாக்கூட கதவைத் திறக்க யோசிப்பேன் அண்ணி. இப்ப போனுக்குப் பயப்படறதே போதும்" என்று பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். என் கணவர் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நான் போனேன். மூன்றாவது மாடியில், கோப்புகள் இடுப்பளவு அடுக்கியிருந்த ஓர் அறை. விசாரணை அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கடுமையான ஜலதோஷம் வேறு. கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார். ஆனால் அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"கடை எரிஞ்சது எப்போ?"

"மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு சார்."

"எரிஞ்ச கடைக்கு நீங்க ஏன் கடன் கட்டணும்னு யாரும் கேக்கலையா?"

"எல்லாரும் கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாவு எரியல சார். அதுக்கு முன்னாடியே ரொட்டியாப் போட்டு வித்தாச்சு. அந்தக் காசை நாங்க வாங்கிட்டோம்."

ஒரு தும்மல். "மன்னிக்கணும்" என்றார். தாள் புரளும் சத்தம். "வங்கிக்காரங்க உங்களைப் பத்தின விவரத்தை எங்களுக்குப் போன வாரமே அனுப்பிட்டாங்க. நீங்க எழுதினதும் அதுவும் ஒத்துப்போகுது. ஆனா இந்த மாவுக் கடன் எந்தப் பதிவிலயும் இல்ல. நீங்க எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

பெஞ்சில் இருந்த எனக்கு முகம் சுட்டது. வங்கி விவரம் முன்பே வந்துவிட்டதாம். அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டு 'இல்லை' என்று எழுதியிருந்தால் இன்றைக்கு இந்த அறையில் அவள் நிலைமை என்ன ஆகியிருக்கும்?

அவர் அடுத்ததாகக் கேட்டார். "அந்த மாவு வியாபாரி கடையில எத்தனை தராசு இருக்கு?"

"ஏழு சார். ரெண்டு நான் சரி பண்ணிக் குடுத்தது. ஒண்ணு மூட்டை நிறுக்கற பெரிய தராசு."

"சரி. நீங்க ஆய்வாளரா அங்க போறீங்க. பெரிய தராசு சரியா இல்ல. கிலோவுக்கு இருபது கிராம் குறையுது. அவர் உங்க கடன் நோட்டை எடுத்து மேசை மேல வைக்கிறார். வாயைத் திறந்து ஒண்ணுமே சொல்லல. நீங்க என்ன செய்வீங்க?"

'பூட்டிடுவேன் சார்னு சொல்லு, சொல்லேன்' என்று நான் வெளியே இருந்து மனசுக்குள் கத்தினேன்.

"தெரியல சார்" என்றாள் அவள். "தராசைப் பூட்டணும்னு தெரியும். பூட்டும்போது கை நடுங்குமா நடுங்காதான்னு இப்ப சொல்லத் தெரியல."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். உள்ளே பேனா எழுதும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"நான் வேலை குடுக்கறவன் இல்லம்மா. குறிப்பு எழுதி மேல அனுப்பறவன்" என்றார் அதிகாரி. "கடன் இருக்கறதுனாலேயே யாரையும் தள்ளிடறது கிடையாது. அது எப்படி வந்தது, அதை வச்சு யாராவது உங்களை வளைக்க முடியுமா, நீங்க அதுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க, இந்த மூணைத்தான் பார்க்கறோம். முதல் கேள்விக்குப் பதில் எழுதிட்டேன். மத்த ரெண்டுக்கும் அறுபது நாள் தரேன். ரெண்டு இடத்திலயும் தவணைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிட்டு வாங்க. ஒரு தவணையாவது கட்டின ரசீது வேணும்."

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணி, மூணு வருஷத்துல கடனைப் பத்தி என்னைத் திட்டாமக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான்" என்றாள்.

மறுநாளே மாவு வியாபாரியிடம் போனோம். மாதம் தவறாமல் தொலைபேசியில் காது கருகும்படி ஏசுகிறவர் அவர். அன்று எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். தேர்வில் தேறிய செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"வாங்க வாங்க, ஆய்வாளரம்மா! உக்காருங்க. யாருப்பா அங்க, ரெண்டு டீ!"

அவள் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை வீசினார். "கடனா? எந்தக் கடன்? நெருப்புல போனதுக்கு நான் கணக்குப் பார்ப்பேனா? நான் என்ன மனுஷன் இல்லையா?" ஒரு தாளை இழுத்து, பாக்கி முழுவதும் தீர்ந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் பறந்து வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். என் கணவர் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். "பார்த்தியா, நல்லவங்க இல்லாம இல்ல!" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நாத்தனார் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனை நிறுத்திவிட்டு வந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டார். மெதுவாகச் சொன்னார். "போன மாசம்வரைக்கும் என்னை நாய்னு சொன்னவரு. இப்ப அவருக்கு என் மேல என்ன திடீர்னு பிரியம்?"

நாத்தனார் தாளை மடித்தாள்.

"இதை வாங்கினா முன்னைவிட மோசம்" என்றாள் அவள். "கடன்னா இவ்வளவுன்னு ஒரு அளவு இருக்கு. இதுக்கு அளவே கிடையாது."

"கிடைச்சதை வேண்டாம்னு சொல்ற ஜென்மம்" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டவர், மறுநாள் காலையில் தானும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

தாளைத் திருப்பி நீட்டியதும் மாவு வியாபாரியின் முகம் மாறியது. "என்னம்மா, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? நல்லது செஞ்சா லஞ்சமா?"

"லஞ்சம்னு நான் சொல்லவே இல்லங்க. நீங்க மாவு குடுத்தீங்க. அதுக்குக் காசு வாங்கிக்கங்க. மாசம் இவ்வளவுன்னு எழுதிக் குடுத்தா போதும்."

"அதெல்லாம் எழுத மாட்டேன். வேணும்னா முழுசாக் கொண்டுவந்து வை. இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணு!"

கடையில் மாவு வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் ஒரு எட்டு முன்னே வைத்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, நல்லவேளை, கல்லாப்பெட்டியின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வியாபாரியின் மனைவி. இத்தனை நாளும் அந்த அம்மாள் அங்கே தலை குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்திருக்கிறோம்.

"கடனைக் குடுக்கறேன்னு வாசல்ல வந்து நிக்கறவங்களை விரட்டி அடிக்கிற ஒரே வியாபாரி நீங்கதான்" என்றார் அவர். பிறகு என் நாத்தனாரைப் பார்த்து, "இங்க வாம்மா. மாசம் எவ்வளவு முடியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லாதே, முடியறதைச் சொல்லு" என்றார்.

இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசி, இருபது தவணை என்று முடிவு செய்தார்கள். அந்த அம்மாளே ஒப்பந்தத்தை எழுதினார். நடுவில் வட்டியைப் பற்றி வியாபாரி ஏதோ முனகினார். "நேத்து முழுசையும் விட்டுக் குடுத்தீங்களே, வட்டி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் என் நாத்தனாரின் கையைப் பிடித்து, "நீ நேத்து அந்தச் சீட்டை வாங்கிட்டுப் போனப்ப எனக்கு மனசே சரியில்ல. நல்லவேளை வந்தே" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

மாவுக் கடனுக்கு வழி பிறந்தது. வங்கிக் கடன் பாக்கி. வங்கி மேலாளர் அபராத வட்டியைக் குறைக்க மேலிடத்துக்கு மனு எழுதித் தந்தார். ஆனால் புதுத் தவணை போட வேண்டுமானால் முதலில் ஒரு தொகையைக் கட்ட வேண்டும் என்றார். அது அவளுடைய நான்கு மாத வருமானம்.

என் கணவர் தன் சேமநிதியிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். "உங்ககிட்ட வாங்கினா அதையும் ஒரு தாள்ல எழுதித் தைக்கணும் அண்ணா. ஏற்கெனவே தைச்சதே தடிமனா இருக்கு" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு, சரி, சும்மா தருகிறேன், திருப்பித் தராதே என்றார். "அப்ப நீங்களும் மாவுக்காரர் மாதிரிதான்" என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் மாவு பிசைகிற இயந்திரம் ஒன்று தார்ப்பாய் மூடி நின்றுகொண்டிருக்கும். தீயில் தப்பியது அது ஒன்றுதான். மாப்பிள்ளை வாரம் ஒரு முறை அதைத் திறந்து எண்ணெய் போடுவார். என்றைக்காவது மறுபடியும் கடை போடுவோம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தாலே நமக்குத் தெரியும். அன்று அந்த இடம் காலியாக இருந்தது. தரையில் அதன் கால்கள் விட்ட நான்கு துருத் தடங்கள்.

"வித்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "தினமும் நின்னுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தது. போகட்டும்." பணத்தை மனைவியிடம் கொடுத்தார்.

அவள் முதலில் பட்டாசாக வெடித்தாள். என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம், இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருக்கலாமே என்று கத்தினாள். கத்தி ஓய்ந்த பிறகு அவள் பின்கட்டுக்குப் போய் அந்தத் தார்ப்பாயை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் அதைப் பிழிந்து கொடியில் போட்டோம்.

ஐம்பத்தெட்டாவது நாள் இரண்டு ஒப்பந்தங்களும் இரண்டு ரசீதுகளும் அந்த மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அதிகாரி விடுப்பில் இருந்தார். எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் நியமனப் பட்டியல் வந்தது. முதலாவது, இரண்டாவது, நான்காவதாகத் தேறியவர்களுக்கு வேலை. இவள் பெயருக்கு எதிரே 'முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது.

அந்தப் பத்து மாதத்தை நான் மறக்க மாட்டேன். என் கணவர் வாயால் சொல்லவில்லையே தவிர, முகத்தில் 'நான் அப்பவே சொன்னேன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்தார். கடைத்தெருவில் சிலர், "என்ன ஆய்வாளரம்மா, எங்க தராசுக்கு முத்திரை எப்போ?" என்று கிண்டல் செய்தார்கள். அவள் பட்டறையைத் திறந்தாள், மூடினாள். மாதம் பிறந்தால் இரண்டு தவணையும் கட்டி, ரசீதுகளை நகலெடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒரு மாதம் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கவில்லை, தவணை தவறவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒன்று மாறியிருந்தது. தொலைபேசி அடித்தால் இப்போது சின்னவள் ஓடிப் போய் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க, அப்புறம் பேசுங்க" என்று அதட்டலாகவே சொன்னாள்.

பதினோராவது மாதம் உத்தரவு வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. மாவுக் கடன் முழுவதும் தீரும்வரை அந்தக் கடையை இவள் ஆய்வு செய்யக் கூடாது. வேறு ஆய்வாளர் போவார். அதைப் படித்ததும் அவள் உத்தரவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாருங்க அண்ணி, கை நடுங்குமோ என்னவோன்னு சொன்னேனே. அந்த இடத்துக்கே என்னைப் போக வேண்டாம்னு எழுதிட்டாங்க!" வேலை கிடைத்ததைவிட அதற்குத்தான் அவள் அதிகமாக மகிழ்ந்தாள் என்று தோன்றியது.

என் கணவர் அன்று அவள் எதிரே வந்து நின்றார். "நான் சொன்னதை நீ கேக்காம இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். அதற்கும் சேர்த்து எனக்கு அவள்மீது நன்றி உண்டு.

வேலையில் சேர்ந்த பிறகு நடந்த ஒன்றை அலுவலக வேன் ஓட்டுநர் எங்களிடம் சொன்னார். காய்கறி மொத்தக் கடை ஒன்றில் இரண்டு தராசுகளைப் பூட்டி முத்திரை வைக்கப் போயிருக்கிறாள். கடைக்காரர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கே நிறையக் கடன் இருக்காமே, பேங்க்குல கேள்விப்பட்டேன். மேல தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றாராம்.

இவள் பூட்டை மாட்டிக்கொண்டே, "இருக்குங்க. மேலயும் தெரியும். மாசா மாசம் ரசீதே அனுப்பறேன். வேணும்னா உங்களுக்கும் ஒரு நகல் தரட்டுமா?" என்று கேட்டாளாம். கடைக்காரர் விழித்த விழியை ஓட்டுநர் எங்களுக்கு நடித்தே காட்டினார். கை நடுங்கியதா என்று நான் கேட்டேன். இல்லை, பூட்டுத்தான் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது என்றார்.

மாவுக் கடன் வேலையில் சேர்ந்து எட்டு மாதத்தில் தீர்ந்தது. கடைசி ரசீதை வியாபாரியின் மனைவி எழுதிக் கொடுத்தார். வியாபாரியும் இருந்தார். வேறு ஆய்வாளர் வந்து தன் பெரிய தராசுக்கு அபராதம் போட்டுவிட்டுப் போன கதையைச் சொல்லிப் புலம்பினார். "நீங்க வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டார். "நான் வந்திருந்தா சின்னத் தராசையும் பார்த்திருப்பேன்" என்றாள் இவள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டியே குலுங்கியது. வங்கிக் கடன் அதற்கும் ஒன்றேகால் வருடம் கழித்துத் தீர்ந்தது.

அன்று மாலையே அந்த விசாரணை அதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நின்றாள். அவர் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தார். விசாரித்துக்கொண்டு இருவரும் போனோம். பெரிய கூடம், இருபது மேசைகள். அவருடையது மூலையில். ஆள் கொஞ்சம் பருத்திருந்தார்.

"சார், உங்களாலதான் எனக்கு இந்த வேலை. ரெண்டு கடனும் அடைஞ்சிருச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நெற்றியைச் சுருக்கினார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கு எங்களைச் சுத்தமாக நினைவில்லை.

"மன்னிக்கணும்மா. வருஷத்துக்கு நானூறு பேரைப் பார்க்கறேன். உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

"அறுபது நாள் தரேன்னு சொன்னீங்க சார்."

"அது எல்லாருக்கும் சொல்றதுதான். அப்படித்தான் விதி."

"விதியை எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரியாது சார். அதை எங்கிட்ட மரியாதையாச் சொன்னவர் நீங்க."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. இப்படி யாரும் வந்து நின்றதில்லை போலிருக்கிறது. உட்காரச் சொன்னார், நாற்காலி ஒன்றுதான் இருந்தது, பக்கத்து மேசையிலிருந்து இன்னொன்றை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், கடனை எப்படி அடைத்தீர்கள் என்று கேட்டார். அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதை கேட்பதுபோலக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். நாங்கள் எழுந்ததும் வாசல்வரை கூடவே வந்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. "அவருக்கு என்னை ஞாபகமே இல்ல அண்ணி" என்றாள்.

வருத்தப்படுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அப்ப நான் யாருன்னு பார்த்து அவர் எனக்குச் சலுகை காட்டல. நானூறு பேர்ல ஒருத்தியாத்தான் பார்த்திருக்கார். எவ்வளவு நல்லா இருக்கு, இல்ல?"

எனக்கு அது உடனே பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. கடையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.